பின்னத்துக்கு ஒரு மனு

இல்லீங்கண்ணா, நான் பட்டாவுக்கு வரலீங்க. ரேஷன் கார்டும் இல்லீங்க. நான் பின்னத்துக்கு வந்திருக்கறனுங்க.

பின்னமுங்க. அரை, கால், முக்கால்னு பள்ளிக்கூடத்துல சொல்லித் தருவாங்களே, அது. மேல ஒரு நம்பர், நடுவுல கோடு, கீழ ஒரு நம்பர். மேல இருக்கறது தொகுதி, கீழ இருக்கறது பகுதி. பாத்தீங்களா, தொகுதின்னதும் நீங்களும் எம்.எல்.ஏ.வை நினைச்சுட்டீங்க. முன்னொரு தடவை வந்தப்ப டோக்கன் போடற அம்மிணியும் அப்படித்தான் நினைச்சுட்டு, "தொகுதிப் பிரச்சனைன்னா அந்தக் கடைசி மேசை"ன்னு தாட்டி விட்டுருச்சுங்க. அங்க இருந்தவர் மனுவை முழுசாப் படிச்சுட்டு, "சரி, ரோடு எங்க போடணும்?"னு கேக்கறார்.

இப்படி நெழலுக்குத் தள்ளி நில்லுங்க. வரிசை இப்போதைக்கு நவுராது. கலெக்டர் ஆபீசு வாசல்ல போலீஸ்காரர் உங்க பையையும் கிளறினாரா, மண்ணெண்ணெய் இருக்குதான்னு? என் பையில என்ன இருக்குதுங்க, ஆறாங்கிளாஸ் பரீட்சைப் பேப்பரு. அதை முன்னும் பின்னும் திருப்பிப் பாத்துட்டு "இது என்னய்யா"ன்னார். "இதுதானுங்க ஆதாரம்"னேன். பேப்பரை மடிச்சுக் கையில குடுத்து உள்ள விட்டுட்டார்.

நம்ம பேரு சென்னியப்பனுங்க. தாலுகா ஆபீசுக்கு எதுத்தாப்பல ஜெராக்ஸ் கடை. மனுவும் டைப் பண்ணித் தருவேன். எங்க 'பணிந்து' போடணும், எங்க 'கண்ணீர் மல்க' போடணும்னு எனக்கு அத்துப்படி. படிப்பும் இல்லாம இல்லீங்க. பி.காம். ரெண்டு வருசம் படிச்சேன். மூணாவது வருசம் காலேஜ் மேலயே ஒரு மனு போட வேண்டியதாப் போச்சு, அதுல படிப்பு நின்னுருச்சு. மனு இன்னும் நிலுவையில இருக்குது.

எனக்கு ஒரே புள்ளைங்க, மோனிஷா. புதூர் நடுநிலைப் பள்ளியில ஆறாவது படிக்கறா. நல்லாப் படிக்கற புள்ளை. ஆவணி மாசம் வகுப்புல ஒரு பரீட்சை வெச்சாங்க. பேப்பரைக் கொண்டாந்து எங்கிட்டக் குடுத்தா. அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டச் சொல்லி ஒரு கேள்வி. எம்மவ என்ன பண்ணியிருக்கறா? மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ ரெண்டும் மூணும் அஞ்சு. ஆக, அஞ்சுல ரெண்டு. ஏனுங்க, இதுல என்ன தப்பு? ஒரு கூட்டல் தப்பிருக்குதா, சொல்லுங்க? அதைப் போய்ச் சிவப்பு மையில சுழிச்சு முட்டை போட்டிருக்கறாங்க அந்த டீச்சர்.

போகட்டும்னு விட்டிருப்பனுங்க. ஆனா கண்ணு அந்தப் பேப்பரோட உச்சிக்குப் போயிருச்சு. அங்க அதே டீச்சர், அதே சிவப்பு மையில மார்க்கு போட்டிருக்கறாங்க. மொதப் பிரிவுக்குப் பத்துக்கு ஏழு. கோடு போட்டு, மேல ஏழு, கீழ பத்து. ரெண்டாம் பிரிவு, மேல ஒம்பது, கீழ பதினஞ்சு. மொத்தம்? மேல பதினாறு, கீழ இருபத்தஞ்சு!

மேலயும் மேலயும் கூட்டிட்டாங்க, கீழயும் கீழயும் கூட்டிட்டாங்க. எம்மவ பண்ணின அதே கணக்கு. அவ பண்ணினா முட்டை, இவங்க பண்ணினா மொத்தம். கொதிச்சுப் போச்சுங்க எனக்கு. அந்த இடத்துலயே பேப்பரை ஜெராக்ஸ் போட்டேன். நம்ம கடைதானே.

மக்யாநாளு விடிஞ்சதுமே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தெய்வானை டீச்சர்னு பேரு. நாப்பது வயசிருக்கும். கையெல்லாம் சாக்பீசு. "சொல்லுங்க மோனிஷா அப்பா"ன்னு பெஞ்சைத் தட்டி உக்காரச் சொன்னாங்க. நான் உக்காரலை. உக்காந்தா கோவம் எறங்கிரும்.

"புள்ள எழுதினதுல என்னங்க தப்பு?"ன்னேன்.

"அரையும் மூணுல ஒண்ணும் சேர்ந்தா ஆறுல அஞ்சுங்க. அவ அஞ்சுல ரெண்டுன்னு எழுதியிருக்கறா."

"ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. ரெண்டும் மூணும் அஞ்சு. எந்தக் கூட்டல்ங்க தப்பு?"

"கூட்டல் தப்பில்லீங்க. கூட்டக் கூடாததைக் கூட்டிட்டா."

பேச்சைப் பாருங்க! அப்பத்தான் பேப்பரோட உச்சியைக் காட்டி, "அப்ப இது என்னங்க?"ன்னு வெச்சேன். பாத்தாங்க. அப்பறம் சிரிச்சாங்க. "நல்ல கேள்விங்க. நெறையப் பேரு இதைக் கவனிக்கறதே இல்ல"ன்னாங்க. ஆளு மாட்டிக்கிட்டா அப்படித்தானுங்க, மொதல்ல நம்மளைப் புகழுவாங்க.

அப்பறம் ஒரு வியாக்கியானம். "மார்க்குங்கறது பத்து மார்க்குக்கு ஒரு கட்டு, பதினஞ்சு மார்க்குக்கு இன்னொரு கட்டு. ரெண்டு கட்டையும் சேர்த்து ஒரே பெரிய கட்டாக்கிப் பாக்கறோம். பின்னத்துல அப்படி இல்லீங்க. முழுசு ஒண்ணேதான். அதே முழுசுல பாதி, அதே முழுசுல மூணுல ஒரு பங்கு." அதாவது, டீச்சர் பண்ணினா கட்டு, எம்மவ பண்ணினா தப்பு. இதுதானுங்க சாராம்சம்.

விடலையே அவங்க. "அஞ்சுல ரெண்டுங்கறது அரையை விடச் சின்னதுங்க. கையில அரை இருக்குது. அதோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா எப்படிங்க கொறையும்?"னு கேட்டாங்க.

"ஏன் கொறையாது? கவர்மெண்டுல எதையாவது சேர்த்துத் தர்றேன்னு சொன்னா, முன்ன வந்ததும் கொறஞ்சுதானே வருது"ன்னேன். வாசல்ல நின்ன ஆயாம்மாகூடத் தலையாட்டுச்சு.

கடைசியில அவங்க சொன்னாங்க பாருங்க ஒரு வார்த்தை, அதுலதான் எனக்கு ரோசம் வந்தது. "பொழுதோட பள்ளிக்கூடம் விட்டதும் கொஞ்சம் புள்ளைகளை உக்கார வெச்சுப் பின்னம் சொல்லித் தர்றேன். மோனிஷாவும் வருவா. நீங்களும் வந்து உக்காருங்க, சுலபமாப் புரிஞ்சுரும்." பி.காம். படிச்சவனை ஆறாங்கிளாஸ் பெஞ்சுல உக்காரச் சொல்றாங்க! ஒரு குடிமகனோட தன்மானத்தைச் சீண்டினாங்க. அது ஒண்ணும் நான் கிளப்பினதில்லீங்க.

தலைமையாசிரியர்கிட்டப் போனேன். குழந்தைவேலு சார். நல்ல மனுசன். பேப்பரைப் பாத்தார், டீச்சரைப் பாத்தார், என்னைப் பாத்தார். "நான் தமிழுங்க"ன்னார். அப்பறம், "ரெண்டு மார்க்குக் கேள்விதானே. டீச்சர் ஒரு மார்க்குப் போட்டுரட்டும். நீங்க ஒரு மார்க்கை விட்டுருங்க. ரெண்டு பேருக்கும் பாதகமில்லாமப் போயிரும்"னு பஞ்சாயத்து பண்ணினார். "தப்புக்கு எப்படி சார் பாதி மார்க்கு?"னு டீச்சர் ஒத்துக்கலை. "சரிக்கு எப்படி சார் பாதி மார்க்கு?"னு நானும் ஒத்துக்கலை. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா நின்னது அந்த ஒரு விசயத்துலதானுங்க.

அப்பறம் கல்வி ஆபீசு. அங்க இருந்த அலுவலர் மனுவைப் படிச்சுட்டு, "இது சம்பளம் சம்பந்தமா, பென்ஷன் சம்பந்தமா?"ன்னார். "கணக்குச் சம்பந்தமுங்க"ன்னேன். பேனாவை எடுத்து அரையும் மூணுல ஒண்ணும் எழுதினார். பேனாவை மூடினார். மேல ஃபேனைப் பாத்தார். அப்பறம் கிளார்க்கைக் கூப்பிட்டார். கிளார்க்கு செல்போன்ல தட்டிப் பாத்துட்டு, "சார், பாயிண்ட் எட்டு, மூணு, மூணு, மூணுன்னு போய்ட்டே இருக்குது, முடிய மாட்டேங்குது"ன்னார். "முடியலைன்னா பெண்டிங்ல வைங்க"ன்னார் அலுவலர். வெச்சுட்டாங்க.

ஆனா ஒண்ணுங்க. எம்மவ செய்ததுதான் சரின்னு ஒருத்தரும் சொல்லலை, தப்புன்னும் ஒருத்தரும் சொல்லலை. மாவட்டத்துல இத்தனை படிச்சவங்க இருக்கறாங்க. அந்த டீச்சர் ஒருத்தருக்குத்தான் தெரியுமாம். இதுலயே உங்களுக்குப் புரியலையா?

நான் இப்படி வெளிய அலைஞ்சுட்டு இருக்கறேன், வீட்டுக்குள்ள என்ன நடக்குது தெரியுமுங்களா? எம்மவ பொழுதோட அந்த டீச்சர்கிட்டப் போய் உக்காந்து படிக்கறா! ஒரு நாள் கடைக்கு வந்தவ, கட்டுல இருந்து நல்ல ஏ-ஃபோர் தாளா எடுத்தா. ஒண்ணை நேர் பாதியா மடிச்சுக் கிழிச்சா. இன்னொண்ணை மூணா மடிச்சு ஒரு பங்கைக் கிழிச்சா. ரெண்டையும் ஒரு முழுத் தாள் மேல அடுத்தடுத்து வெச்சா.

"அப்பா, பாருப்பா. தாளே மூடிருச்சு, ஓரத்துல ஒரு பட்டைதான் மிச்சம். இதைப் போய் அஞ்சுல ரெண்டுன்னு சொல்லலாமாப்பா?"

"அது பேப்பர் கணக்கு கண்ணு. நான் கேக்கறது மார்க்குக் கணக்கு."

"மார்க்குல ரெண்டு தாளுப்பா. ரெண்டையும் ஒட்டி ஒரு பெரிய தாளாக்கறோம். இங்க ஒரே தாளு. அதை எப்படிப்பா பெருசாக்கறது?"

"சரி, வீணாக்கின தாளையெல்லாம் அடுக்கி வை"ன்னேன். வேற என்னங்க சொல்றது? குழந்தைகிட்டப் போய் வாதாட முடியுமா?

எங்கூட்டுக்காரி சாந்தாமணி இருக்கறாளே, அவ இதுக்கெல்லாம் மேல. எட்டாவதோட நின்னவ. அவளும் பொழுதோட புள்ளைகூடப் போயி அந்த வகுப்புல உக்காந்திருக்கறா, எங்கிட்டச் சொல்லாம. ஒரு நாள் காலையில தோசை போட்டா. ஒரு தோசையைப் பாதியாக்கித் தட்டுல வெச்சா.

"ஏனுங்க, உங்க கணக்குல கழிக்கறது எப்படிங்க?"ன்னா.

"அதே மாதிரிதான். மேல இருந்து மேல, கீழ இருந்து கீழ."

"அப்ப இந்த அரைத் தோசையில இருந்து, முழுத் தோசைக்கு மூணுல ஒரு பங்கு எடுத்துட்டா?"

"மேல ஒண்ணுல ஒண்ணு போனா பூஜ்ஜியம்"னேன் நானும், பேப்பரைப் படிச்சுட்டே.

அவ அந்தப் பங்கைப் பிச்சு எடுத்தா. தட்டுல ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அதையும் எடுத்து மகளோட தட்டுல வெச்சுட்டு, "உங்களுக்குத்தான் பூஜ்ஜியமாச்சே"ன்னு சட்னிக் கிண்ணத்தோட உள்ள போயிட்டா. மோனிஷா சிரிக்கறா. நான் வெறும் வயித்தோட கடைக்குப் போனேன். குடும்பத்துலயே ஒத்துழைப்பு இல்லாம ஒருத்தன் பொதுக் காரியம் பண்றது எத்தனை கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

இதுக்கு நடுவுல காலாண்டுப் பரீட்சை. மறுபடியும் பின்னம். எம்மவ பேப்பரு வந்தது. எல்லாத்தையும் அந்த டீச்சர் சொன்ன மாதிரியே எழுதி வெச்சிருக்கறா. முழு மார்க்கு. யாரும் பாக்கறதுக்குள்ள பேப்பரைப் பைக்குள்ள போட்டேன்.

"அம்மிணி, கேஸ் நடந்துட்டு இருக்குது. நீயே இப்படி எழுதினா எதிர்த்தரப்புக்குத்தானே சாதகம்? அடுத்த பரீட்சையில பழையபடி அஞ்சுல ரெண்டுன்னு எழுது. அப்பா பாத்துக்கறேன்"னு நயமாத்தான் சொன்னேன்.

"தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டே எப்படிப்பா எழுதறது?"ன்னா.

"உனக்காகத்தானே அலையறேன்."

"எனக்கு அந்த ரெண்டு மார்க்கு வேண்டாம்ப்பா. டீச்சர் என்னைத் திட்டக்கூட இல்ல. நீ பள்ளிக்கூடத்துக்கு வர்றேன்னாலே பெஞ்சுல எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்கறாங்க. வராதப்பா."

சின்னப் புள்ளைங்க, என்ன தெரியும். நியாயத்துக்குப் போராடறவனோட பொண்ணுன்னு பெருமையாத்தான் திரும்பிப் பாத்திருப்பாங்க.

பெண்டிங்ல இருக்கற மனுவை எப்படி எழுப்பறதுன்னு நானும் ரோசனை பண்ணிட்டே இருந்தேன். வழி தானா வந்ததுங்க. ஒரு நாள் காலையில மோனிஷா முற்றத்துல நடந்துட்டே சத்தம் போட்டுப் படிச்சுட்டு இருந்தா. "ஓரினமாக இருந்தால் நேரடியாகக் கூட்டலாம். வேற்றினமாக இருந்தால் நேரடியாகக் கூட்ட முடியாது. முதலில் ஓரினமாக மாற்ற வேண்டும்."

நான் பல்லு வெளக்கிட்டு இருந்தவன் அப்படியே நின்னுட்டேன். "என்ன கண்ணு இது, இனம் கினம்னு?"ன்னேன். "கீழ ஒரே நம்பர் இருந்தா ஓரினப் பின்னம், வேற வேற நம்பர் இருந்தா வேற்றினப் பின்னம்ப்பா. கீழ இருக்கறதை ஒண்ணாக்கிட்டுத்தான் கூட்டணும்"னா. "டீச்சர் சொல்லிக் குடுத்ததா?"ன்னேன். "ஆமா"ன்னா.

அன்னைக்கே கடையில உக்காந்து புது மனு டைப் பண்ணினேன். 'மேற்படி ஆசிரியை, ஓரினமாக இருந்தால்தான் கூட்ட முடியும் என்றும், வேற்றினத்தை நேரடியாகக் கூட்ட முடியாது என்றும், முதலில் ஓரினமாக மாற்ற வேண்டும் என்றும் பிஞ்சு உள்ளங்களில் போதித்து வருகிறார்.' இதுல பிஞ்சு உள்ளம் மட்டும்தானுங்க என்னோடது. மத்ததெல்லாம் டீச்சர் சொன்னது, ஒரு எழுத்து மாத்தலை. பின்னம்ங்கற வார்த்தை மட்டும் விட்டுப் போச்சு. மனு ஒரே பக்கத்துக்குள்ள அடங்கணுமில்லீங்க.

அடுத்த திங்கக்கிழமை இதே வரிசையில நின்னு குடுத்தேன். அதுக்கப்பறம் நடந்தது பாருங்க வேகம்! ஆவணியில இருந்து அசையாத ஆபீசு, ஜீப்பு எடுத்துட்டுப் புதூருக்கு வந்திருச்சு. பெரிய அதிகாரியாட்டம் ஒருத்தர், கூட ரெண்டு பேரு. மனுதாரர்ங்கற முறையில எனக்கும் தகவல் வந்தது. இஸ்திரி போட்ட சட்டையோட போனேன்.

வகுப்புல நின்னு அந்த அதிகாரி ரொம்பப் பக்குவமாக் கேட்டார். "புள்ளைகளா, பயப்படாமச் சொல்லுங்க. இனத்தைப் பத்தி உங்க டீச்சர் என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

அவ்வளவுதான், மொத்த வகுப்பும் எந்திரிச்சு நின்னு ஒரே ராகத்துல, "வேற்றினத்தை நேரடியாகக் கூட்ட முடியாது, முதலில் ஓரினமாக மாற்ற வேண்டும்!"னு கத்துச்சு. அதிகாரிக்கு வேர்த்துருச்சு. "ஜன்னலைச் சாத்துங்க"ன்னார்.

அப்பத்தான் தெய்வானை டீச்சர் பாடப் புஸ்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் கையில குடுத்தாங்க. படிச்சார். பக்கத்தைத் திருப்பினார். அட்டையைப் பாத்தார், யாரு அச்சடிச்ச புஸ்தகம்னு. அரசாங்கமே அச்சடிச்சது. டக்குனு மூடிட்டார். டீச்சர் போர்டுல ஒரு வட்டம் போட்டு விளக்க ஆரம்பிச்சாங்க. "போதுங்க, போதுங்க, புரிஞ்சுருச்சு"ன்னார். அவருக்கும் புரியலைன்னு மூஞ்சியிலயே தெரிஞ்சது.

அப்பறம் என் பக்கம் திரும்பி, "உங்க பொண்ணு யாரு?"ன்னு கேட்டார். மோனிஷா எந்திரிச்சா. "உங்கப்பா குடுத்த மனுவைப் பத்தி நீ என்னம்மா சொல்றே?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னா: "எங்கப்பாவுக்குப் பின்னம் தெரியாதுங்க சார்."

எல்லாப் புள்ளைகளும் கேட்டுட்டு இருக்குது. தலைமையாசிரியர் கேட்டுட்டு இருக்கறார். ஆயாம்மா கேட்டுட்டு இருக்குது. டீச்சர்தான், "உக்காரு மோனிஷா, அப்படியெல்லாம் சொல்லக் கூடாது"ன்னு அவளை அடக்கினாங்க. நான் சிரிச்சு வெச்சேன். என்ன பண்றது? மிரட்டி வெச்சிருப்பாங்க, புள்ளை பயத்துல சொல்லிருச்சு. உக்காந்த பெறகும் தலையை நிமித்தவே இல்லீங்க அவ. நான் பாத்தேன்.

என்னங்க கேக்கறீங்க? பாடப் புஸ்தகத்துல இருக்குதுன்னா மனு தள்ளுபடிதானேன்னா? நல்ல ஆளுங்க நீங்க. மனுதான் பதிவாயிருச்சே! பதிவான மனுவுக்கு நடவடிக்கை எடுத்தோம்னு எழுதி அனுப்பணுமில்லீங்களா? புஸ்தகத்து மேல நடவடிக்கை எடுக்க முடியுமா? ஐப்பசியில உத்தரவு வந்தது. நிர்வாக நலன் கருதி, தெய்வானை டீச்சருக்கு மாவட்டத்தோட அந்தக் கோடியில ஒரு மலையடிவாரப் பள்ளிக்கூடத்துல மாற்றுப்பணி. ரெண்டு பஸ்ஸு மாறிப் போகணும். எனக்கும் கடுதாசி வந்தது, 'மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது'ன்னு. அதைச் சட்டம் போட்டுக் கடையில மாட்டியிருக்கறேன்.

அவங்க கடைசியாப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போன அன்னைக்கு எம்மவ வீட்டுக்கு வந்து சாப்பிடலை. நான் அந்தக் கடுதாசியைக் காட்டி, "பாத்தியா கண்ணு, அப்பா ஜெயிச்சுட்டேன்"னேன். முதுகைத் திருப்பிப் படுத்துட்டா. அப்ப இருந்தே எங்கூடப் பேச்சில்லீங்க. கேட்டா மண்டைய ஆட்டறதோட சரி. அவங்கம்மாவும் அப்படித்தான். வயசுக்கு வர்ற நேரம், புள்ளைகள் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்னு எங்கயோ படிச்சிருக்கறேன். ஆனா கூட்டுக்காரிக்கு என்ன வந்ததுன்னுதான் தெரியலை.

இப்ப எதுக்கு வந்திருக்கறேன்னா, அதைத்தானுங்க சொல்ல வர்றேன். அநியாயம் என்னன்னா, டீச்சரை எடுத்தவங்க வேற டீச்சரைப் போடவே இல்லீங்க! பள்ளிக்கூடத்துல கணக்குக்கு ஆளே இல்ல. கணக்குப் பீரியடுல விளையாட்டு சார் வந்து புள்ளைகளைப் புல்லுப் புடுங்கச் சொல்றார். மழை பெய்ஞ்சா கண்ணை மூடித் தலையைக் கவுத்துப் படுக்கச் சொல்றார். அரையாண்டுப் பரீட்சை பக்கத்துல வந்துருச்சு. பாதிப் புள்ளைகளுக்குப் பின்னம் மறந்து போச்சாம். இந்தக் கல்வித் துறையோட பொறுப்பில்லாத்தனத்தைப் பாருங்க! ஒரு டீச்சரைப் பாதி வருசத்துல தூக்கிட்டுப் போனா, புள்ளைக கதி என்னாகும்னு எவனாவது யோசிச்சானா? எவன் பண்ணின வேலை இது? விடக் கூடாதுங்க. அதுக்குத்தான் இந்த மனு. 'உடனடியாகப் புதிய கணித ஆசிரியர் நியமிக்க வேண்டி'. கண்ணீர் மல்கன்னு ரெண்டு இடத்துல போட்டிருக்கறேன்.

அந்தக் காலத்தாட்டம் ஊர்க்காரங்களுக்கும் நன்றி இல்லீங்க. எங்கடைக்கு வந்துட்டு இருந்தவங்கல்லாம் பக்கத்துக் கடைக்குப் போறாங்க. பொறாமை. வேற என்ன?

அட, அங்க பாருங்க! பொம்பளைக வரிசையில, தூணுக்குப் பக்கத்துல பச்சைச் சேலை. அதுதானுங்க எங்கூட்டுக்காரி. பக்கத்துல இருக்கறது மோனிஷா. பின்னால நிக்கறதெல்லாம் புதூர்த் தாய்மாருங்க. இத்தனை பேரு! எனக்கு ஆதரவாத் திரண்டு வந்திருக்கறாங்க போல, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம. கையில ஒரு மனுவும் வெச்சிருக்கறாங்க. கூட்டுக்காரி காலையிலயே பஸ் ஏறிட்டா, எங்கன்னு கேட்டதுக்குப் பதிலில்லை. மனுவை யாரு டைப் பண்ணினதுன்னு தெரியலையே. நம்ம கடையிலயே மெஷின் வெச்சுட்டு, பக்கத்துக் கடையில போயா டைப் பண்ணினாங்க?

அவங்க வரிசை வேகமாப் போகுது பாருங்க. உள்ள போயிட்டாங்க. நம்ம வரிசைதான் நட்டு வெச்ச மாதிரி நிக்குது. அவங்களாட்டம் கூட்டமா வந்தா ஒடனே விடுவாங்க. நீங்களும் பட்டாவுக்கு நாலு பேரைச் சேர்த்துக் கூட்டிட்டு வந்திருக்கணும்.

இருங்க... வெளிய வந்துட்டாங்க. சிரிக்கறாங்க எல்லாரும். மோனிஷா சிரிக்கறா! பாத்து எத்தனை நாளாச்சு. இங்கதான் வர்றா, ஓடி வர்றா பாருங்க.

என்ன கண்ணு? மெதுவா, மெதுவா. மூச்சு வாங்கிட்டுச் சொல்லு... யாரு வர்றாங்க? தெய்வானை டீச்சரா? திருப்பி அனுப்பறேன்னு கலெக்டர் கையெழுத்தே போட்டுட்டாரா? அப்ப நீங்க குடுத்தது... ஓ. அதுக்குத்தான் வந்தீங்களா. சரி. சரி கண்ணு. நல்லது... போலாமா? அப்பா எப்படிக் கண்ணு வர்றது, இப்பத்தான் நம்ம டோக்கன் கிட்ட வந்திருக்குது. நீ அம்மாகூடப் போ. இல்ல, கையை விடு கண்ணு, வரிசையில இடம் போயிரும். போ, அப்பா பின்னாலயே வந்தர்றேன்.

கேட்டீங்களாண்ணா? பேசிட்டா! ஐப்பசியில இருந்து வாயைத் திறக்காதவ, 'வாப்பா, வீட்டுக்குப் போலாம்'னுட்டா. கையைக்கூடப் புடிச்சா. மனுவோட மகிமைங்க.

என்னங்க? நானும் ஏன் கிளம்பலைன்னா? எழுதின மனுவைக் குடுக்காமப் போனா எப்படிங்க? டைப் பண்ணி, நகல் எடுத்து, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி எல்லாம் தயாரா இருக்குது. இல்லீங்க, அவங்க மனு வேற, நம்ம மனு வேற. அவங்க பழைய டீச்சரைக் கேட்டிருக்கறாங்க, நான் புது டீச்சரைக் கேட்டிருக்கறேன்.

உங்க மருமகன் வாத்தியாருங்களா? அப்படியா. என்ன சொல்றீங்க... ஒரு பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு கணக்கு வாத்தியார் வந்துட்டா, ஒருத்தர் உபரின்னு சொல்லி வெளிய அனுப்பிருவாங்களா? உங்க மருமகனையும் அப்படித்தான் அனுப்பினாங்களா? யாரை அனுப்புவாங்க, புதுசா வந்தவரையா, திரும்பி வந்தவரையா? மனுவுல பேரு அடிபட்டவங்களைத்தான் அனுப்புவாங்களா...

கதவைத் திறந்துட்டாங்க. என் நம்பர்தான் கூப்பிடறாங்க. கொஞ்சம் வழி விடுங்கண்ணா.

அப்படி அனுப்பினா அனுப்பட்டுமுங்க, என்ன கெட்டுப் போச்சு? அதுக்கு ஒரு மனு குடுத்துக்கலாம்.